துறையூர் ஏரிக்கரையில் ஏழு கரடிகள்

கலியாணத்துக்குப் போன இடத்தில் கரடியைச் சந்திப்போம் என்று நாம் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் ஒரு கரடி அல்ல, ஏழு கரடிகள்!

மைத்துனர் மகளுக்கு வைகாசி மாதத்தில் துறையூரில் விவாகம். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. ஆகையால் தப்பித்துக்கொள்ளச் சாக்குக் கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து சகதர்மிணியும் பத்து வயதுப் பெண் குழந்தையும் உடன்வரப் பிரயாணமானோம். கொள்ளிடத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனையை முகர்ந்துகொண்டே போனால் திருவெள்ளறை வந்துவிடுகிறது. ஆழ்வார்கள் பாடிய புண்டரீகாட்சப் பெருமாளின் கோயில் வெண்பாறைமேல் நிற்கிறது. அருகில் ஸ்வஸ்திகை வடிவத்தில் வெட்டிய கிணறு ஒன்று உண்டு. பல்லவன் தந்திவர்மன் காலத்தது. வயது ஏறக்குறைய 1,200. நாலு பக்கமும் படி இறங்கி, ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறைக்காரரின் கண்ணில் படாதபடி மூலை திருப்பி அமைத்திருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் வாழப் பல்லவன் கண்டுபிடித்த உபாயம் என்று பஸ்ஸில் ஒருவர் வியாக்கியானம் செய்தார். சகதர்மிணி சிரிக்கவில்லை.

புலிவலத்தைக் கடந்தால் மலைகள் கூட வருகின்றன. மேற்கே கொல்லிமலை நீல நிறத்தில் படுத்திருக்கிறது. எதிரே வடக்கில் பச்சைமலை. இந்த இரண்டு மலைகளுக்கும் நடுவில், ஏரியும் வயலும் கடைத்தெருவுமாகத் துறையூர்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் மாங்கல்ய தாரணம் ஆகிவிட்டது. ஏழடி நடந்தார்கள். அம்மி மிதித்தாகிவிட்டது. பிறகு புரோகிதர் மணமக்களை வாசல் பந்தலுக்கு அழைத்துச் சென்று, "அதோ பாருங்கள், அருந்ததி!" என்று விரலை நீட்டினார். விரல் போன திசையில் தகரக் கொட்டகையின் கூரையும், அதில் சுழன்றுகொண்டிருந்த ஒரு மின்விசிறியும் இருந்தன. மாப்பிள்ளை மிகுந்த பக்தியோடு மின்விசிறியைப் பார்த்தார். பெண் தலையைக் குனிந்தபடியே, "தெரிகிறது" என்றாள்.

நம் குழந்தை நம்முடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ராத்திரி தெரியற நட்சத்திரம் பகலிலே எங்கே போயிடும்?"

"பிறகு சொல்கிறேன்" என்றோம். உபாத்தியாயர்கள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது எல்லா மாணாக்கர்களுக்கும் தெரியும். நம் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. "உங்களுக்கு அருந்ததி எது என்று தெரியுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாம் இருபது வருஷங்களாகப் பூகோளமும் சரித்திரமும் கற்பிக்கிறோம். ஸப்தரிஷி மண்டலத்தைக் கரும்பலகையில் ஏழு புள்ளிகளாக எத்தனையோ தடவை போட்டுக் காட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளையையாவது இரவில் அழைத்துப் போய் ஆகாயத்தில் காட்டினோமா? இல்லை. நம் கலியாணத்தில் நாமும் பந்தல் கீற்றைப் பார்த்துத்தான் "தெரிகிறது" என்று சொன்னோம்.

அன்றிரவு எட்டரை மணிக்கு, சாப்பாடு முடிந்ததும், குழந்தையை அழைத்துக்கொண்டு பெரிய ஏரியின் கரைக்குப் போனோம். சகதர்மிணியும், மைத்துனரின் அத்தை ஒருவரும், இரண்டு மூன்று சிறுவர்களும் பின்தொடர்ந்தார்கள். கடைத்தெரு விளக்குகள் முதுகுப்புறம் நின்றுவிட்டன. வடக்கே பச்சைமலை கறுப்பு மதில்போல் கிடந்தது. அதற்கு மேலே, அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல், ஏழு நட்சத்திரங்கள் தெளிவாக நின்றன.

வைகாசி மாதம் இதைப் பார்க்க வாய்த்த காலம். தை மாதத்துக் கலியாணம் என்றால், அருந்ததி கிழக்கே தலைகாட்ட இரவு பத்து மணிக்கு மேலாகும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை நேரத்தில் தேடினால் அகப்படவே மாட்டாள். வைகாசியிலோ, இருட்டினதும் வடக்கே உச்சியில் நிற்கிறது மண்டலம். இடது பக்கத்தில் நாலு நட்சத்திரங்கள் ஒரு சதுரம்போல. வலது பக்கம் வளைந்து செல்லும் மூன்று. கிரது, புலஹர், புலஸ்தியர், அத்திரி என்பவர்கள் சதுரத்துக்காரர்கள். அங்கிரஸ், வசிஷ்டர், மரீசி மற்ற மூவர். கிரதுவையும் புலஹரையும் கோடு போட்டுச் சேர்த்து, அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால் துருவ நட்சத்திரம். துறையூர் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருப்பதால் துருவனும் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் இருப்பான். பச்சைமலையின் முகட்டுக்குச் சற்று மேலே மங்கலாக அவனைக் கண்டோம். நம் பாடப் புத்தகம் பொய் சொல்லவில்லை என்பதில் நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை.

"கவிழ்த்து வைத்த அகப்பை மாதிரி இருக்கு" என்றார் அத்தை. அப்போது நாம் அதைப் பொருட்படுத்தவில்லை.

"வசிஷ்டர் பக்கத்திலே பார், அம்மா. வளைவில் நடுவில் இருப்பவர் அவர். பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும், அதுதான் அருந்ததி."

"ஆமாம், இருக்கு!" என்று கூவினாள் குழந்தை. மற்றச் சிறுவர்களும் கூவினார்கள். சகதர்மிணி, "அட, ஆமாம்" என்றாள். வயலுக்குக் காவல் போகிறவராம், எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பெரியவர் வழியோடு போனவர் நின்றார். "இதுக்கா இத்தனை கூட்டம்? தினம் பார்க்கிறதுதானே!" என்று அவரும் அருந்ததியைச் சுட்டிக் காட்டினார்.

நாம் பார்த்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். வசிஷ்டர் இருந்தார், கொஞ்சம் கலங்கினாற்போல இருந்தார். அருந்ததியைக் காணோம்.

"தெரியல்லையா?" என்றார் அத்தை. அவருடைய குரல் இறங்கிவிட்டது. "சும்மா இருடி" என்று யாரையோ அதட்டினார். ஆனால் சிறுவர்களில் ஒருவன் எங்கேயோ கேட்டதை உரக்கச் சொல்லிவிட்டான்: "அருந்ததி தெரியாட்டா ஆறு மாசத்திலே செத்துப் போயிடுவாங்களாம்!"

ஊரில் வழங்கும் பேச்சு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. சுச்ருத ஸம்ஹிதை என்ற வைத்திய நூலே, அருந்ததியையும் துருவனையும் ஆகாச கங்கையையும் காணாதவனை ஆயுள் முடிந்தவன் என்று கணக்கிடுகிறது. அரபு நாட்டில் இதே சின்ன நட்சத்திரத்தைப் பார்வைப் பரீட்சையாக வைத்திருந்தார்கள். தெரியாவிட்டால் கண் மங்கல் என்று அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நம்மவர்கள் ஒரே தாவாக மரணத்துக்குப் போய்விட்டார்கள்! வசிஷ்டருக்கும் அருந்ததிக்கும் நடுவே உள்ள இடைவெளி, பூர்ண சந்திரனின் குறுக்களவில் பாதிக்கும் குறைவு. நாற்பது வயதுக்கு மேல், ராத்திரி பகலாக விடைத்தாள் திருத்தும் கண் அதைப் பிரித்தறியாமல் போனால் ஆச்சரியம் என்ன? இப்படியெல்லாம் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு மாடியில் பாய் விரித்துப் படுத்தோம். தூக்கம் வரவில்லை. ஸப்தரிஷிகளோ தலைக்கு மேலே மெல்ல மேற்கே சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

குழந்தை கேட்ட கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதே கேள்வியை வெகு காலத்துக்கு முன் இன்னொரு பையன் கேட்டிருக்கிறான். அவன் பெயர் சுனச்சேபன். ஹரிச்சந்திர ராஜா தன் மகனை வருணனுக்குப் பலியிடுவதாக வாக்களித்திருந்தான்; அந்த மகனுக்குப் பதிலாக ஓர் ஏழை அந்தணனின் நடுப்பிள்ளை நூறு பசுக்களுக்கு வாங்கப்பட்டான். கம்பத்தில் கட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை. பெற்ற தகப்பனே இன்னும் நூறு பசு பெற்றுக்கொண்டு கட்டினான். அந்தப் பிள்ளை பாடியதாக ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் ஒரு சூக்தம் இருக்கிறது. உயரத்தில் பதித்து வைத்தாற்போல் இரவில் தெரிகிற இவை பகலில் எங்கே போகின்றன என்று அதில் கேட்கிறான். இருபத்தோராம் நூற்றாண்டில் துறையூர்ப் பந்தலில் நின்ற பத்து வயதுக் குழந்தையும், பலிக்கம்பத்தில் நின்ற பையனும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பையனுக்கு வருணன் இரங்கினான், கட்டு அவிழ்ந்தது என்பது கதை.

ஆனால் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது வேறு. சுனச்சேபன் அந்த நட்சத்திரங்களை ரிஷிகள் என்று சொல்லவில்லை. 'ரிக்ஷங்கள்' என்கிறான். ரிக்ஷம் என்றால் கரடி!

உரைகாரர் ஸாயணர் அது ஸப்தரிஷிகளைக் குறிக்கும் என்று எழுதுகிறார். சதபத பிராம்மணம் ஒளிவுமறைவில்லாமலே சொல்கிறது: ஸப்தரிஷிகளுக்கு முன்காலத்தில் ரிக்ஷங்கள் என்றே பெயர். சமஸ்கிருத அகராதியைப் புரட்டினால் ரிக்ஷம் என்ற சொல்லுக்குக் கரடி என்றும் நட்சத்திரம் என்றும் இரண்டு பொருளும் கிடைக்கின்றன. இந்தச் சொல்லுக்கு மேற்கே உடன்பிறந்தோர் உண்டு. கிரேக்கர்களின் 'ஆர்க்டோஸ்', ரோமர்களின் 'உர்ஸுஸ்' இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டுக்கும் பொருள் கரடி. அவர்களும் இதே மண்டலத்தைப் பெரிய கரடி என்றுதான் அழைத்தார்கள். வடதுருவப் பிரதேசத்துக்கு ஆர்க்டிக் என்று பெயர் வந்ததே, அது கரடி நட்சத்திரத்தின் திசை என்பதனால். இருபது வருஷமாக 'ஆர்க்டிக் சமுத்திரம்' என்று கற்பித்த உபாத்தியாயருக்கு இது ஒரு தடவையும் உறைக்கவில்லை! ரிக்ஷம் என்பது காலப்போக்கில் ரிஷியாக மாறிற்றா, அல்லது முதலிலிருந்தே ஒளி என்று பொருள்பட்ட வேறு சொல்லா என்று பண்டிதர்களுக்குள் வழக்கு. வழக்கு நடக்கட்டும். கரடியின் சடையும் முனிவரின் சடையும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரம் இல்லை.

தமிழர்கள் என்ன சொன்னார்கள்? நற்றிணையில் இந்த மண்டலத்துக்கு 'எழுமீன்' என்று பெயர். கைகூப்பித் தொழும் மீன்கள் என்ற அடைமொழியோடு வருகிறது. அருந்ததியை 'வடமீன்' என்றார்கள். கற்புக்கு உவமையாக அவளைச் சொன்னார்கள். கரடியை 'எண்கு' என்றார்கள். அது இரவில் புற்றைப் பெயர்த்து இரை தேடுவதையும், இலுப்பைப் பூவைத் தின்ன வருவதையும் அருகில் நின்று பார்த்தவர்கள்போலப் பாடினார்கள். ஆனால் எண்கை அவர்கள் ஆகாயத்தில் ஏற்றவில்லை. காட்டில் போதுமான அளவு பார்த்துவிட்டதனால் இருக்கலாம்.

மற்ற நாட்டார் ஏற்றினார்கள். கிரேக்கர் வரைந்த ஆகாயக் கரடிக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. மரீசி, வசிஷ்டர், அங்கிரஸ் மூவரும் அந்த வாலில் தொங்குகிறார்கள். கரடிக்கு அத்தனை நீள வாலை யார் கண்டார்கள்? வட அமெரிக்காவின் பழங்குடியான மிக்மாக் மக்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சதுரம் மட்டுமே கரடி. வளைவில் இருப்பவை அதைத் துரத்துகிற வேட்டைக்காரப் பறவைகள் என்பது அவர்கள் கதை. இலையுதிர் காலத்தில் கரடி அம்பு பட்டு வீழ, அதன் இரத்தம் தெளித்துக் காட்டு மரங்களின் இலை சிவக்கிறதாம். இரண்டாவது பறவை கரடிக் கறியைச் சமைக்க ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சட்டி எது தெரியுமா? நம் அருந்ததி! இதை அத்தையிடம் சொல்லும் தைரியம் நமக்கு இல்லை.

ஸைபீரியாவில் ஓப் நதிக்கரையில் வாழும் மான்ஸி, காந்தி மக்களுக்குக் கரடி ஆகாயத்தில் பிறந்த பிள்ளை. வானத்துக் கடவுள் தூரும் அதைச் சங்கிலியில் கட்டிப் பூமிக்கு இறக்கிவிட்டாராம். ஆகையால் வேட்டையில் கரடியைக் கொன்றால் அதை விருந்தாளியாக வீட்டில் அமர்த்தி, பல இரவுகள் பாட்டும் கூத்தும் நடத்தி, மன்னிப்புக் கேட்டு, வந்த இடத்துக்கு மரியாதையாக வழியனுப்புவார்கள். ஆனால் எல்லாப் பூசாரிகளும் கரடியையே கண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதே ஸைபீரியாவின் எவெங்கி மக்களுக்கு இந்த ஏழும் ஒரு கடமான். கரடி அதைத் துரத்தி வருகிற வேறொரு நட்சத்திரம். நம் நாட்டுக் கோண்டு மக்களுக்கோ நாலு நட்சத்திரம் ஒரு கட்டில். மூன்று நட்சத்திரம் அதைத் திருட வந்தவர்கள். அவரவர் வீட்டில் எது களவு போகும் என்ற பயமோ அதுவே ஆகாயத்தில் தெரியும் போலும்.

சீனர்கள் கண்டதுதான் அத்தை கண்டது. அகப்பை! வடதிசை அகப்பை என்றே அவர்கள் பெயரிட்டார்கள். மாலையில் அகப்பையின் காம்பு கிழக்கே நீண்டால் வசந்தம், தெற்கே நீண்டால் கோடை, மேற்கே நீண்டால் இலையுதிர்வு, வடக்கே நீண்டால் குளிர் காலம். இது அவர்களுடைய பஞ்சாங்கம். தாவோ மதத்தாரோ இதற்கு மேலும் ஒன்று சொன்னார்கள்: வட அகப்பை மரணக் கணக்கை எழுதுகிறது, தென் ஆகாயத்தில் தனுர் ராசியில் உள்ள ஆறு நட்சத்திரங்களாலான தென் அகப்பை ஜனனக் கணக்கை எழுதுகிறது. அந்தத் தென் அகப்பை நாம் மாடியில் படுத்திருந்தபோது தென்கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. நம் நிலைமையில் எந்தக் கணக்குப் பிள்ளையைப் பார்ப்பது நல்லது என்று யோசித்துத் தெற்கே திரும்பிப் படுத்தோம்.

நாலாம் நூற்றாண்டில் கான் பாவ் என்பவர் தொகுத்த சீனக் கதை நூலில் நம் மார்க்கண்டேயனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். பத்தொன்பது வயதில் சாவான் என்று விதி. குவான் லூ என்ற ஜோசியர் அவனுக்கு ஒரு வழி சொன்னார். வயல் ஓரத்தில் முசுக்கட்டை மரத்தடியில் இரண்டு கிழவர்கள் காய் வைத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். மதுவும் மான் இறைச்சியும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வை, வாயைத் திறக்காதே, கேட்டால் வணங்கி நில். பையன் அப்படியே செய்தான். ஆட்ட மும்முரத்தில் கிழவர்கள் யார் வைத்தது என்று பாராமலே குடித்தார்கள், தின்றார்கள். பிறகு பையனைக் கண்டு வடக்கே இருந்தவர் சீறினார். தெற்கே இருந்தவர், "சாப்பிட்டுவிட்டோமே, என்ன செய்வது?" என்று ஏட்டை வாங்கிப் பார்த்தார். சீன எழுத்தில் பத்தொன்பதைப் 'பத்து ஒன்பது' என்று எழுதுவார்கள். இரண்டையும் இடம் மாற்றினால் 'ஒன்பது பத்து', அதாவது தொண்ணூறு. தூரிகையால் ஒரு கோடு இழுத்து மாற்றிவிட்டார். வடக்கே இருந்தவர் வட அகப்பை. தெற்கே இருந்தவர் தென் அகப்பை. நம் மார்க்கண்டேயன் யமனுடைய பாசக் கயிற்றையும் மீறிச் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டு வென்றான். சீனத்துப் பையன் குமாஸ்தாவைக் குளிரப்பண்ணி வென்றான். இரண்டு தேசங்களின் சுபாவத்தையும் இந்த இரண்டு கதைகளிலேயே கற்பித்துவிடலாம்.

இன்னும் ஒன்று. அகப்பையில் கண்ணுக்குத் தெரிகிற ஏழு போக, மறைந்த நட்சத்திரங்கள் இரண்டு உண்டு என்றும், அவற்றைக் காணும் பாக்கியம் பெற்றவனுக்கு நீண்ட ஆயுள் என்றும் தாவோ யோகிகள் நம்பினார்கள். இங்கே, தெரிய வேண்டிய சின்ன நட்சத்திரம் தெரியாவிட்டால் ஆயுள் போயிற்று. அங்கே, தெரியாத நட்சத்திரம் தெரிந்துவிட்டால் ஆயுள் வந்தது. இமயமலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனிதன் இதே ஏழு விளக்குகளை அண்ணாந்து பார்த்து, 'எனக்கு இன்னும் எத்தனை நாள்?' என்றுதான் கேட்டிருக்கிறான். ஏரிக்கரையில் நமக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்ததும் அதே கேள்விதான். இதைப் பட்டதாரி என்பதற்காக மறைப்பானேன்?

ஒன்பது என்ற இந்தக் கணக்கு நம்மவர் பலருக்கு வேறு விதத்தில் பழக்கமானது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்கள் சீனரின் ஒன்பது அரச தெய்வங்களின் உற்சவத்தைப் பார்த்திருப்பார்கள். சீனரின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்கள்; வெள்ளை உடை, மரக்கறி உணவு. பல வருஷங்களில் அது நம் நவராத்திரி நாட்களோடு ஒத்து வருகிறது. அந்த ஒன்பது தெய்வங்களும் அகப்பை நட்சத்திரங்களே. அவர்களுடைய தாயாகிய அகப்பை அன்னையை, இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன மரீசி என்ற தேவியோடு ஒன்றாக்கி வணங்குகிறார்கள். மரீசி என்றால் கிரணம். நம் ஏழு பேரில் கடைசி ரிஷிக்கும் அதுவே பெயர்.

சீனரிடம் கரடி எங்கே என்று கேட்கலாம். ஆகாயத்தில் இல்லை, ஆகாயத்தைப் பார்த்து ஆடுகிறவனின் காலில் இருக்கிறது. பெருவெள்ளத்தை அடக்கிய யூ மன்னன், மலையைக் குடைவதற்காகக் கரடியாக உருமாறினானாம். பார்த்துவிட்ட மனைவி அஞ்சி ஓடிக் கல்லானாள். ஓயாத உழைப்பால் அவனுக்கு ஒரு கால் இழுத்துக்கொண்டது. அவனுடைய நொண்டி நடையைத் தாவோ குருமார்கள் 'யூவின் நடை' என்று பயின்றார்கள். தரையில் அகப்பையின் நட்சத்திரங்களைப் பாவித்துக்கொண்டு, ஒவ்வொரு நட்சத்திரமாகக் காலை இழுத்து இழுத்து மிதித்துச் செல்வது அவர்களுடைய சடங்கு. காலையில் மணப்பெண் அக்கினியின் அருகே ஏழடி வைத்த பின்தானே அருந்ததியைப் பார்த்தாள்? இரண்டுக்கும் உறவு கற்பிக்க நாம் துணியவில்லை. ஆனால் நினைவுக்கு வந்ததைத் தடுக்கவும் முடியவில்லை.

சௌ வம்சத்துச் சடங்கு நூலில் ஓர் அதிகாரி வருகிறார். கரடித் தோலைப் போர்த்து, பொன்னால் நாலு கண் வைத்த முகமூடி தரித்து, ஈட்டியும் கேடயமும் ஏந்தி, ஆட்கள் புடைசூழ வீடு வீடாகப் புகுந்து நோயை விரட்டுவது அவர் வேலை. கரடித் தோலில் அவ்வளவு சக்தியா என்று சிரிக்க நமக்கு வாயில்லை. நமக்கு ஐந்து வயதில் இரவில் அலறி எழும் பழக்கம் இருந்தது. ஸ்ரீரங்கம் வீதியில் கரடிக்காரன் வந்தபோது, அப்பா நம்மை அதன் முதுகில் உட்காரவைத்து, நாலு முடி வாங்கித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டினார். பயம் போனதா என்று தெரியாது. அந்தக் கரடியின் மூக்கில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்ததும், அது தலையை ஆட்டிக்கொண்டே நின்றதும் மறக்கவில்லை. நம் பயத்தைப் போக்க வந்த பிராணியின் கண்ணில் இருந்தது பயம்தான் என்பது பெரியவனான பிறகு புரிந்தது. வனவிலங்குகளைக் காக்க 1972-இல் சட்டம் வந்தும், கரடி வித்தை நம் நாட்டுத் தெருக்களை விட்டு ஒழிய இந்த நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. இப்போதைய குழந்தைகள் கரடி முடித் தாயத்தை அறியமாட்டார்கள். நல்லதுதான்.

மறுநாள் விடியற்காலையில் எல்லாரும் பெருமாள்மலை ஏறினார்கள். துறையூரை அடுத்த தனிக் குன்று. உச்சியில் பிரஸன்ன வேங்கடாசலபதி. தென் திருப்பதி என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். மேலே செல்ல மோட்டார் பாதை இருக்கிறது. ஆனால் அத்தை நம்மை ஒரு தினுசாகப் பார்த்து, "நீங்க படியேறி வாங்கோ, புண்ணியம்" என்றார். பொருள் புரிந்தது. ஏறினோம்.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, நம் நாட்டுக் கரடியை இதுவரை மறந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஜாம்பவான்! ரிக்ஷ ராஜன் என்றே அவருக்குப் பட்டம். பிரமன் கொட்டாவி விட்டபோது பிறந்தவர் என்கிறார் வால்மீகி. கடற்கரையில் வானரங்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது கிழக் கரடி சொல்கிறது: திரிவிக்கிரமன் உலகளந்த காலத்தில் நான் இந்தப் பூமியை இருபத்தொரு தடவை வலம் வந்தேன், இப்போது வயதாகிவிட்டது. மூவேழு இருபத்தொன்று. ஒரு கரடி, ஓயாத வலம், ஏழின் பெருக்கம்! துருவனை ராப்பகலாகச் சுற்றுகிற அந்த ஏழு ரிக்ஷங்களின் ஞாபகம் இந்தக் கதையில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்குமோ? நூல்களில் ஆதாரம் இல்லை. மூச்சிரைத்தவனின் கற்பனை என்று வாசகர்கள் தள்ளிவிடலாம். ஆனால், தன்னால் முடியாதபோது, முடிகிறவனுக்கு அவன் பலத்தை நினைவூட்டிய அந்தக் கிழவரை உபாத்தியாயர்களின் குலதெய்வமாக வைத்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றியது.

இறங்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு காலை இழுத்து இழுத்துக் கீழே வந்தோம். தாவோ குருமார்கள் கண்டிருந்தால் நம்மைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

சகதர்மிணி அன்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை. ஊர் திரும்பின மறுநாள் காலை, "லால்குடிக்குப் போய்விட்டு வருவோம்" என்றாள். காரணம் கேட்கவில்லை. லால்குடிக்குப் பழைய பெயர் திருத்தவத்துறை. ஸப்தரிஷிகள் தவம் செய்து அருள் பெற்ற ஸ்தலம். சுவாமிக்கு ஸப்தரிஷீச்வரர் என்று நாமம். தியாகராஜ சுவாமிகள் இவ்வூருக்கு வந்து ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். சகதர்மிணி ஏழு பிரதட்சிணம் செய்தாள். நாம் ஒரு தூணருகில் உட்கார்ந்து குழந்தைக்குக் கார்த்திகைப் பெண்களின் கதையைச் சொன்னோம். ஸப்தரிஷிகள் தங்கள் மனைவிமார் மீது வீண் சந்தேகம் கொண்டு விலக்கினார்கள். ஆறு பேரும் கார்த்திகை நட்சத்திரமானார்கள். ஸ்வாஹா தேவியால் உருவெடுக்க முடியாத அருந்ததி ஒருத்தியே கணவன் பக்கத்தில் நின்றாள் என்று மகாபாரதம் கூறுகிறது. சதபத பிராம்மணத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது: அவர்கள் வடக்கே உதிக்கிறார்கள், இவர்கள் கிழக்கே உதிக்கிறார்கள்; சேர முடியாது.

"சந்தேகப்பட்டது ரிஷிகள். தண்டனை மட்டும் இவங்களுக்கா?" என்றாள் குழந்தை. இதற்கும் "பிறகு சொல்கிறேன்" என்றுதான் சொல்ல முடிந்தது.

மாலையில் திருச்சியில் ஒரு கண் வைத்தியரிடம் போனோம். அவர் நம் பழைய கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எத்தனை வருஷமாகிறது?" என்றார். சொன்னோம். "இதைப் போட்டுக்கொண்டு தெருவில் எப்படி நடக்கிறீர்கள்?" என்றார். ஒரு வாரத்தில் புதுக் கண்ணாடி வந்தது.

அன்றிரவே மொட்டை மாடிக்குப் போனோம். நம் வீடு வடக்குப் பக்கம் ஆனதால், கோயில் விளக்குகளும் கடை விளக்குகளும் முதுகுப்புறம் போய்விடுகின்றன. எதிரே கொள்ளிடத்து மணல் இருட்டு. ஏழு பேரும் வந்திருந்தார்கள். வசிஷ்டர் கலக்கமில்லாமல் ஒரே புள்ளியாக நின்றார். அவருக்குச் சற்று மேலே, எட்டியும் எட்டாமலும், ஒரு சிறிய ஒளி. சுமார் எண்பது வருஷங்களுக்கு முன் அங்கிருந்து புறப்பட்ட வெளிச்சம் இது. நம் பாட்டி பந்தல் கீற்றைப் பார்த்து "தெரிகிறது" என்று சொன்ன காலமாக இருக்கும். தூரதரிசனிக் கண்ணாடிகளில் பார்த்தவர்கள் வசிஷ்டர் ஒருவரல்ல, நால்வர் என்கிறார்கள். அருந்ததியும் தனியாக இல்லை, அவளுக்கு மங்கலான துணை ஒன்று உண்டு என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். நமக்கு ஒருத்தி தெரிந்தாலே போதும்.

"தெரியறதா, அப்பா?"

"தெரிகிறது, அம்மா."

சகதர்மிணி ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் துறையூருக்கு டெலிபோனில் பேசுகிற குரல் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பும் கோபமும் கலந்திருந்தன.

"என்ன சொன்னார் அத்தை?"

"கண்ணாடி போட்டுண்டு பார்த்ததெல்லாம் கணக்கிலே சேராதாம்."